எட்டு லட்சத்தின் விலை

வங்கியின் கண்ணுக்கு எங்கள் ஃப்ளாட் எங்களைவிட வசதியானது. 2017-இல் கூடுவாஞ்சேரியில் 42 லட்ச ரூபாய்க்கு வாங்கினோம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, அக்கம்பக்கத்தில் விலை சொல்பவர்களின் குரலே மாறிவிட்டது. 2025 தொடக்கத்தில் ஒரு மதிப்பீட்டாளர் வந்தார். அறைகளை அளந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, பால்கனியிலிருந்து நான்கு படம் பிடித்துக்கொண்டு, 62 லட்சம் என்று எழுதிக் கொடுத்தார். வீடு இப்படி ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதற்குள் இருந்த எங்கள் வருமானம் மாதம் 1,05,000 ரூபாயிலிருந்து 76,000 ரூபாய்க்கு இறங்கியிருந்தது.

இறங்கியது என் பங்கு. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் சம்பளக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2023-இல் அந்தப் பிரிவையே மூடினார்கள். கையில் வந்துகொண்டிருந்த 47,000 நின்றது. இப்போது சில கடைகளுக்கும் சிறு பட்டறைகளுக்கும் வீட்டிலிருந்தே கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுக்கிறேன். சராசரியாக மாதம் 18,000 வருகிறது. கணவர் மறைமலை நகர்ப் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறார். பிடித்தம் போகக் கையில் 58,000.

வீட்டுக்கடன் 32 லட்சம், 20 ஆண்டு, 8.5 சதவீதம், மாதத் தவணை 27,770 ரூபாய் என்று தொடங்கியது. நடுவில் வட்டி ஏறி இறங்கியது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 2020 மே மாதம் 4 சதவீதத்துக்கு வந்தது, 2022 மே முதல் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தைத் தொட்டது. ஏறும்போதெல்லாம் எங்கள் வங்கி தவணையைத் தொடாமல் ஆண்டுகளைச் சேர்த்துக்கொண்டது, இறங்கும்போது கழித்தது. எட்டு ஆண்டுகளில் கிட்டத்தட்ட 27 லட்சம் கட்டிவிட்டு, பாக்கி எவ்வளவு என்று கேட்டால் ஏறத்தாழ 25 லட்சம் என்றது வங்கி. கட்டியதில் அசலுக்குப் போனது 7 லட்சம்தான். முதல் பாதி ஆண்டுகளில் எல்லா வீட்டுக்கடனும் இப்படித்தான் நடந்துகொள்ளும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஆனாலும் அந்தத் தாளைப் பார்த்தால் கொஞ்சம் நேரம் பேச்சு வராது.

இந்த நிலையில் எங்களுக்கு 8 லட்சம் தேவைப்பட்டது. தேவைப்பட்டது என்று நாங்கள் நினைத்தோம் என்று சொல்வதே சரி. கிரெடிட் கார்டில் உருண்டுகொண்டிருந்த பாக்கி 1,60,000. அத்தையின் முழங்கால் மாற்று அறுவைக்கு 2,20,000. அவருக்கு நாங்கள் தாமதமாக எடுத்த காப்பீட்டில் மூட்டு மாற்றத்துக்கான காத்திருப்புக் காலம் முடிந்திருக்கவில்லை. மகனின் பொறியியல் கல்லூரி முதல் ஆண்டுக் கட்டணமும் விடுதியும் சேர்த்து 1,20,000. மாடி வீட்டுக் குளியலறையிலிருந்து எங்கள் கூடத்துக்கு இறங்கும் நீர்க்கசிவைச் சரிசெய்யும் எங்கள் பங்கு 1,00,000. மிச்சம் 2 லட்சம், கணவரின் தங்கை மகள் பெரியவளானதற்குத் தாய்மாமன் சீர்.

சீர் விஷயத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

டாப்-அப் கடனின் கவர்ச்சி என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே அடமானத்தில் இருக்கும் அதே வீட்டின் மீது மேலும் கொஞ்சம் வாங்குவது அது. வட்டி, வீட்டுக்கடனைவிட அரை சதவீதம் கூட இருக்கலாம், அவ்வளவுதான். தனிநபர் கடனுக்கு 14 சதவீதம் கேட்கும் காலத்தில் 9 சதவீதத்தில் கிடைக்கும். மூலப் பத்திரம் வங்கியின் பெட்டகத்திலேயே இருப்பதால் அவர்களுக்கும் பெரிய பயம் இல்லை. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு வீட்டின் மதிப்பில் 80 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. 62 லட்சத்தில் 80 சதவீதம் 49,60,000. பாக்கியைக் கழித்தால் 24 லட்சத்துக்கு மேல் இடம் இருக்கிறது. எங்களைத் தேடி வந்த கடன் முகவர், நல்ல சுறுசுறுப்பான இளைஞர், இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுக் காட்டினார். "சார், உங்கள் வீட்டுக்குள் 24 லட்சம் சும்மா படுத்திருக்கிறது" என்றார்.

கணவர் அதை மிகவும் ரசித்தார். எனக்கும் கேட்க இனிமையாகத்தான் இருந்தது.

எங்கள் வங்கியின் கிளை மேலாளர் இன்னொரு கணக்கைப் போட்டார். அது வீட்டின் கணக்கு அல்ல, சம்பளத்தின் கணக்கு. மாதம் கைக்கு வருவதில் எல்லாத் தவணைகளும் சேர்ந்து பாதியைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் வருமானப் பிரிவுக்கு அவர்கள் வைத்திருந்த அளவு. வங்கிக்கு வங்கி இது மாறும். என் 18,000 ரூபாயை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. "மேடம், நீங்கள் சம்பாதிப்பதை நான் நம்புகிறேன். ஆனால் காகிதம் நம்ப வேண்டுமே. இரண்டு ஆண்டு வருமான வரிக் கணக்கு கொண்டுவாருங்கள்" என்றார். ஆக, 58,000-இல் பாதி 29,000. அதில் 27,770 ஏற்கெனவே போகிறது. மிச்சம் 1,230 ரூபாய். அந்தத் தவணைக்கு 12 ஆண்டுகளுக்கு 9 சதவீதத்தில் ஒரு லட்சத்துச் சொச்சம்தான் கிடைக்கும்.

வீடு 24 லட்சம் என்கிறது, சம்பளம் ஒரு லட்சம் என்கிறது. வருமானம் குறைந்த பிறகு இருக்கிற வீட்டுக்கடனின் மேல் இன்னும் வாங்கப் போகிற எல்லோரும் இந்த இடைவெளியில்தான் போய் நிற்கிறார்கள். வீட்டின் மதிப்பு ஏறுவது எங்கள் பையில் விழும் பணம் அல்ல. விற்றால்தான் அது பணம். விற்றுவிட்டால் கூடுவாஞ்சேரியில் அதே பணத்துக்கு இன்னொரு ஃப்ளாட்தான் வாங்க முடியும். ஆனால் கடனாக எடுத்தால் மட்டும் அது வருமானம் மாதிரியே வேடம் போடும்.

முகவர் அசரவில்லை. இந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வேறொரு நிறுவனம் எங்கள் பழைய கடனை மொத்தமாக எடுத்துக்கொள்ளும். 25 லட்சத்தை அதே 8.5 சதவீதத்தில், ஆனால் புதிதாக 20 ஆண்டுகளுக்கு எழுதும். உடனே பழைய தவணை 27,770-இலிருந்து 21,696 ஆகும். அதோடு 8 லட்சம் டாப்-அப், 9 சதவீதம், 20 ஆண்டு, தவணை 7,198. இரண்டும் சேர்ந்து 28,894. பாதிச் சம்பளத்தைத் தாண்டவில்லை, பாருங்கள் என்றார். "இப்போது கட்டுவதைவிட மாதம் 1,124 ரூபாய்தான் கூட, 8 லட்சம் கையில்."

இதைப் போல அழகாகப் பொருந்தும் கணக்கை நான் வேலையில் இருந்த காலத்திலும் அதிகம் பார்த்ததில்லை. எல்லாம் உண்மையான எண்கள். சம்பளக் கணக்குப் பார்த்துப் பார்த்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. மாத எண்ணைக் கொடுத்தால் கை தானாக மொத்தத்தைப் போடும். போட்டேன்.

எதுவும் செய்யாமல் இருந்தால், மீதி 144 தவணைகளில் நாங்கள் கட்ட வேண்டியது ஏறத்தாழ 40 லட்சம். முகவரின் ஏற்பாட்டில் 240 தவணைகளில் கட்ட வேண்டியது 69 லட்சத்துக்கு மேல். வித்தியாசம் 29 லட்சம். கையில் வருவது 8. இந்த 29-இல் 17 லட்சத்துச் சொச்சம்தான் டாப்-அப்பின் அசலும் வட்டியும். மிச்சம் 12 லட்சம், பழைய கடனை எட்டு ஆண்டு இழுத்ததற்கான விலை. அந்த 12 லட்சம் எந்தத் தாளிலும் தனியாக எழுதியிருக்காது. 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்கு முக்கியத் தகவல் அறிக்கை என்ற ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஆண்டு வட்டி, கட்டணங்கள், தவணைப் பட்டியல் எல்லாம் அதில் இருக்கும், நல்ல ஏற்பாடு. ஆனால் புதிய கடனைப் பற்றி மட்டும்தான் அது சொல்லும். நீங்கள் விட்டுவிட்டு வரும் பழைய கடனில் என்ன மிச்சம் இருந்தது என்பதைச் சேர்த்துப் பார்ப்பது நம் வேலை.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 18 ஆண்டு கழித்துக் கட்டும் 28,894 ரூபாய் இன்றைய 28,894 அல்ல, விலைவாசி அதைத் தேய்த்திருக்கும். வெறுமனே கூட்டிக் காட்டி மிரட்டுவது முழு உண்மை ஆகாது. மாறும் வட்டியில் தனிநபர் எடுக்கும் வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது என்பதும் உண்மை. முகவர் இதைத்தான் சொன்னார்: "பணம் வரும்போது அடைத்துவிடலாம் மேடம்." வருமானம் ஏறிக்கொண்டிருப்பவருக்கு இது நல்ல யோசனை. குறைந்ததால்தானே நாங்கள் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தோம்!

என்னை நிறுத்தியது மொத்தத் தொகைகூட அல்ல, வயது. கணவருக்கு 44. அவர் தொழிற்சாலையில் 58-இல் ஓய்வு. புதிய கடன் முடியும்போது அவருக்கு 64. ஓய்வுக்குப் பிறகான ஆறு ஆண்டுத் தவணை மட்டும் 20 லட்சத்தைத் தாண்டும். அதை எங்கிருந்து கட்டுவது? வருங்கால வைப்பு நிதியிலிருந்துதான். முகவரிடம் கேட்டபோது, 70 வயது வரை அனுமதி இருக்கிறது என்றார். அவர்கள் அனுமதிப்பது பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை.

செலவுக் கணக்கும் உண்டு. கடன் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், தமிழ்நாட்டில் பத்திரங்களை ஒப்படைத்த ஆவணத்தை மீண்டும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத் தீர்வை, ஒரு சதவீதம் பதிவுக் கட்டணம், இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. எங்கள் 33 லட்சத்துக்கு 16,500-உம் 6,000-உம். பழைய வங்கியின் கடன் தீர்ந்ததைப் பதியும் ரசீது ஆவணம், சட்டக் கருத்துக்கு வழக்கறிஞர் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், செயல்முறைக் கட்டணம் என்று வால் நீளும். இவற்றைக் கடனிலேயே பிடித்துக்கொள்வார்கள் என்பதால் வலி தெரியாது.

என் வருமானத்தைப் பற்றியும் முகவரிடம் ஒரு யோசனை இருந்தது. என் பழைய சம்பளச் சீட்டைக் கொடுத்தால் "பார்த்துக்கொள்ளலாம்" என்றார். இல்லையென்றால் ஊரில் இருக்கும் மாமனார் வீட்டுக்கு ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதி வாடகை வருமானம் காட்டலாம் என்றார். பொய்க் காகிதம் கொடுத்துக் கடன் வாங்குவது மோசடிக் குற்றம் என்பது ஒருபுறம். வருங்கால வைப்பு நிதிப் பதிவைத் திறந்தால் என் கணக்கில் 2023-க்குப் பிறகு ஒரு காசு வரவில்லை என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் என்பது இன்னொருபுறம். அன்றோடு அவரை அனுப்பிவிட்டோம். காபி கொடுத்துத்தான் அனுப்பினோம்.

2024 ஆகஸ்ட் பணக்கொள்கை அறிவிப்பில், அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ் டாப்-அப் வீட்டுக்கடன்களைத் தனியாகக் குறிப்பிட்டார். மதிப்புக்கும் கடனுக்குமான விகிதம், அந்தப் பணம் எதற்குப் போகிறது என்ற கண்காணிப்பு ஆகியவற்றைச் சில நிறுவனங்கள் சரியாகக் கடைப்பிடிப்பதில்லை என்றார். பணம் ஊக வணிகத்துக்குப் போய்விடுமோ என்பது அவர் கவலை. எங்கள் பக்கத்துத் தெருக்களில் அது பங்குச் சந்தைக்குப் போவதில்லை. கல்யாண மண்டபத்துக்கும் மருத்துவமனைக்கும் கிரெடிட் கார்டுக்கும் போகிறது.

வருமானம் குறைவதில் இரண்டு வகை இருக்கிறது என்பது எங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். 2020-இல் கணவரின் தொழிற்சாலை சில மாதம் சம்பளத்தில் வெட்டியது. அது திரும்பி வரும் என்று எல்லோருக்கும் தெரியும், வந்தது. ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதித்த காலம் அது. அப்போது ஒரு கடன் வாங்கியிருந்தாலும் எனக்கு உறுத்தியிருக்காது. மறுகரை கண்ணுக்குத் தெரிந்தது. என் வேலை போனது அந்த வகை அல்ல. 43 வயதில் அதே சம்பளத்துக்கு அதே வேலை கிடைக்கும் என்று நம்புவதற்கு எனக்கு ஆதாரம் எதுவும் இல்லை. நிரந்தரமாகக் குறைந்த வருமானத்தை ஒரு கடன் ஈடுசெய்ய முடியாது. பழைய சம்பளத்தில் வாழ்ந்த வீட்டை இன்னும் சில மாதம் அப்படியே ஓட்டிக் காட்டும், பிறகு குறைந்த சம்பளத்தோடு கூடுதல் தவணையும் நிற்கும்.

ஆகவே அந்த 8 லட்சத்தை ஒரே எண்ணாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்தோம்.

கார்டு பாக்கி முதலில். அதன் வட்டி மாதம் 3.5 சதவீதம், ஆண்டுக்கு 42. இதை எதைக்கொண்டு அடைத்தாலும் லாபம்தான். ஆனால் கார்டு பாக்கிக்கு வீடு பொறுப்பல்ல. அதை டாப்-அப்பாக மாற்றினால், எப்போதோ சாப்பிட்ட ஓட்டல் சாப்பாட்டுக்கும் வாங்கிய ஃபிரிட்ஜுக்கும் வீட்டை அடமானம் வைத்ததாக ஆகிவிடும். 90 நாள் தவணை நின்றால் வாராக்கடன், பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ், அதற்கும் பதில் இல்லையென்றால் வீட்டைக் கையகப்படுத்தலாம், நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டு வரத் தேவையில்லை. நாங்கள் என் 4 சவரன் சங்கிலியை வைத்தோம். 2025 ஜனவரியில் சவரன் 60,000 ரூபாயைத் தாண்டியிருந்ததால் 1,60,000 தாராளமாகக் கிடைத்தது. கட்ட முடியாமல் போனால் சங்கிலி போகும், கூரை போகாது. கார்டு ஒன்றை வெட்டிப் போட்டோம். இன்னொன்று இருக்கிறது, பெட்ரோலுக்கு மட்டும்.

கல்லூரிக் கட்டணத்துக்குக் கல்விக்கடன். பொதுத்துறை வங்கிகளின் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை அடமானமும் கிடையாது, நம் பங்குப் பணமும் போட வேண்டியதில்லை. படிப்பு முடிந்த பிறகுதான் தவணை தொடங்கும். அப்பா இருக்கும்போது பிள்ளை தலையில் கடனா என்று கணவருக்கு மனம் வரவில்லை. மகனே கையெழுத்துப் போட முன்வந்த பிறகுதான் இறங்கி வந்தார். அந்தக் கடன் முடியாமல் இருந்தால் மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் அதை விசாரிப்பார்களா என்று என் மாமனார் மிகுந்த அக்கறையோடு கேட்டார். பையனுக்கு 17 வயது.

முழங்காலும் நீர்க்கசிவும் மிஞ்சின. இரண்டும் சேர்ந்து 3,20,000. இவை வீட்டுக்கும் உடம்புக்கும் செய்தே தீர வேண்டியவை, ஒருமுறை செய்தால் முடிந்துவிடுபவை. இதற்கு டாப்-அப் வாங்கலாம் என்று எனக்கே தோன்றியது. ஆனால் எத்தனை ஆண்டுக்கு? இங்கேதான் ஒரு விசித்திரம். 3 லட்சத்தை 9 சதவீத டாப்-அப்பாக, வீட்டுக்கடனோடு சேர்ந்து ஓடட்டும் என்று 12 ஆண்டுக்கு எடுத்தால் தவணை 3,414, மொத்த வட்டி 1,91,000. அதே 3 லட்சத்தை 14 சதவீதத் தனிநபர் கடனாக 5 ஆண்டுக்கு எடுத்தால் தவணை 6,980, மொத்த வட்டி 1,19,000. மலிவான வட்டி என்று எல்லோரும் சொல்லும் கடன் 72,000 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்கிறது. வட்டி விகிதத்தை விசாரிக்கும் அளவுக்கு ஆண்டுகளை யாரும் விசாரிப்பதில்லை. டாப்-அப்பையே 5 ஆண்டுக்கு எடுத்தால் வட்டி 74,000-க்குள் முடிந்துவிடும். தவணை மட்டும் 6,228 ஆகும்.

6,228 ரூபாய் தவணைக்கு வங்கியில் இடம் இல்லை. என் 18,000 காகிதத்தில் ஏற வேண்டும். மாதம் 18,000 என்றால் ஆண்டுக்கு 2,16,000. இதற்கு வருமான வரியும் கிடையாது, கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கட்டாயமும் கிடையாது. எனக்குத் தெரிந்த கணக்கர்கள், தையற்காரர்கள், டியூஷன் எடுப்பவர்கள் பெரும்பாலோர் இந்த வரம்புக்குக் கீழே இருப்பதால் தாக்கல் செய்வதே இல்லை. கடன் கேட்கும் நாள் வந்தால்தான் தாங்கள் சம்பாதிக்காதவர்களாகப் பதிவாகியிருப்பது அவர்களுக்குத் தெரிகிறது. நான் தொழில் புத்தியால் முதல் ஆண்டே தாக்கல் செய்திருந்தேன். இரண்டாம் ஆண்டுக் கணக்கை 2025 செப்டம்பரில், அரசு நீட்டித்த கெடுவுக்குள் தாக்கல் செய்துவிட்டு மேலாளரிடம் போனேன். இரண்டு கணக்குகளையும் வங்கி வரவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 76,000-இல் பாதி 38,000. இப்போது 10,230 ரூபாய்க்கு இடம் இருந்தது.

ரெப்போவும் அதற்குள் 5.5 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. 3 லட்சம், 8.5 சதவீதம், 5 ஆண்டு என்று கடன் வந்தது. தவணை 6,150-ஐ ஒட்டி. குறையாக இருந்த 20,000-ஐ என் சேமிப்பிலிருந்து போட்டோம். மேலாளர், "10 ஆண்டு வைத்துக்கொள்ளுங்களேன், இலகுவாக இருக்கும்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவர் வேலை அது. இந்த வட்டிக்கு வருமான வரிச் சலுகை கிடைக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். பழைய வரி முறையில், வீட்டுப் பழுதுக்குச் செலவழித்த பகுதிக்கு மட்டும், ஆண்டுக்கு 30,000 ரூபாய் உச்சவரம்புக்குள் கிடைக்கும். முழங்காலுக்குக் கிடையாது. புதிய முறையில் சொந்தக் குடியிருப்புக்கு எதுவுமே கிடையாது. சலுகைக்காகக் கடன் வாங்குகிறவர்கள் இதைப் படித்த பிறகாவது நிறுத்திக்கொள்ளலாம்.

மாதம் 76,000-இல் 34,000 தவணைக்கே போகிறது. நகைக்கடன் வட்டி தனி. கார் விற்கப்பட்டுவிட்டது. கேபிள் இணைப்பு போய்விட்டது, அத்தைக்கு மட்டும் அதில் வருத்தம். இது வசதியான வாழ்க்கை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து ஆண்டில் முடிகிற இறுக்கம், அவ்வளவுதான்.

இனி சீர்.

தாய்மாமன் சீர் என்றால் என்னவென்று தமிழ் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தட்டு வரிசை, பட்டுப்புடவை, நகை, மேளம், ஊர் பார்க்க மாமன் நடந்து வருவது. கணவர் வீட்டில் ஒரே ஆண்பிள்ளை. தங்கைக்கு ஒரே மகள். 2 லட்சம் என்பது அவர் மனதில் குறைந்தபட்சம். வேலை போனதை நாங்கள் சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கவும் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "வீட்டிலிருந்தே வேலை" என்றோம். பொய் இல்லை, ஆனால் அவர்கள் புரிந்துகொண்டது வேறு. அதனால் எங்களிடம் எதிர்பார்க்கப்பட்ட சீர், 1,05,000 ரூபாய் வருமானத்துக்கான சீர்.

பட்டியலை இன்னொரு முறை பார்த்தபோது எனக்குப் புரிந்தது இதுதான். கார்டு பாக்கியில் பாதி, கடந்த இரண்டு ஆண்டுகளில் வளைகாப்புக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் பழைய அளவிலேயே மொய் வைத்ததால் ஏறியது. முகவர் எங்களுக்கு விற்க வந்தது 8 லட்சம் ரூபாயை அல்ல. எங்கள் வருமானம் குறைந்ததை யாரிடமும் சொல்லாமல் இன்னும் கொஞ்ச காலம் இருப்பதற்கான வசதியை. சீருக்கான 2 லட்சத்தை மட்டும் 20 ஆண்டுத் தவணையில் போட்டுப் பார்த்தேன். மாதம் 1,799, மொத்தம் 4,32,000. 13 வயதில் சடங்கு நடக்கும் பெண்ணுக்கு 33 வயதாகும்போது மாமன் சீரின் கடைசித் தவணை முடியும். இதைக் கணவரிடம் காட்டினேன். சிரித்துவிட்டார். அதன் பிறகுதான் கைபேசியை எடுத்தார்.

தங்கையிடம் பேசுவதற்கு முன் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்தினாலும் கேட்டது. சுற்றி வளைத்தார், மழையைப் பற்றிப் பேசினார், பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை போலும். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கைபேசியைக் கொடுத்தார்.

"ஏன் அண்ணி, இரண்டு வருடமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை?" என்று கேட்டாள். கோபம் இருந்தது, நியாயமான கோபம். "நான் போன தீபாவளிக்கு உங்களிடம் வாஷிங் மெஷின் கேட்டேனே. அப்போதாவது சொல்லியிருக்கலாமே."

ஒரு பட்டுப்புடவை, ஒரு கிராம் தோடு, பதினொரு தட்டு என்று முடிவானது. அவளே முடிவு செய்தாள். நாதஸ்வரச் செலவை அவளே ஏற்றுக்கொண்டாள், அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். இதில் எனக்கு ஒப்புதல் இல்லை, மறுபடியும் மறைக்கும் வேலைதான், ஆனால் அது அவள் வீட்டு மானம். நான் வாயைத் திறக்கவில்லை.

வைகாசியில் செங்கல்பட்டில் ஒரு மண்டபத்தில் சடங்கு நடந்தது. எல்லோரும் பெருந்தன்மையாக நடந்துகொண்டார்கள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. தங்கையின் மாமியார் தட்டுகளை வெளிப்படையாக எண்ணினார். பந்தியில் தங்கை கணவரின் அண்ணன், நான்கு பேர் காதில் விழும்படி, "தாய்மாமன் சீர் இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"இவ்வளவுதான் மாப்பிள்ளை. வீட்டில் ஒரு சம்பளம் குறைந்துவிட்டது" என்றார் கணவர், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கை கழுவும் இடத்தில் கணவரைத் தனியாகப் பிடித்துக்கொண்டு, தன் மகன் இரண்டு மாதமாக வேலை இல்லாமல் இருப்பதாகவும், வீட்டின் மேல் டாப்-அப் வாங்கலாமா என்று யோசிப்பதாகவும், வட்டி எங்கே குறைவு என்றும் விசாரித்தார். கணவர் என்னைக் கைகாட்டிவிட்டார். எத்தனை ஆண்டுக்கு என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.